பூட்டில்லாக் காவல்

கணினி நினைவகத்தில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ‘க’ என்றும் மற்றதற்கு ‘ச’ என்றும் பெயர். இரண்டிலும் இப்போது 0 இருக்கிறது. செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள்; அப்படி ஒரு கோர் ‘க’வில் 1 என்று எழுதிவிட்டு ‘ச’வைப் படிக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு கோர் ‘ச’வில் 1 என்று எழுதிவிட்டு ‘க’வைப் படிக்கிறது. ஆளுக்கு இரண்டே வேலை. இந்த நான்கு வேலைகளும் ஒன்றோடொன்று கலந்து நடக்க மொத்தம் ஆறு வழிகள் உண்டு. தாளில் போட்டுப் பாருங்கள். ஆறு வழிகளிலும் குறைந்தது ஒரு கோரின் கண்ணிலாவது 1 பட்டே தீரும். இரண்டும் 0 படிக்க வழியே இல்லை.

ஆனால் மேசைமேல் இருக்கும் சாதாரண இன்டெல் கணினியில் இதைப் பல லட்சம் முறை ஓட்டினால், சில முறை இரண்டு கோர்களும் 0 என்றுதான் படிக்கும். சில்லில் எந்தக் கோளாறும் இல்லை. வடிவமைத்தவர்கள் தெரிந்தே அனுமதித்த நடத்தை இது.

எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற கேள்விக்கு ஒரு கணினிக்குள் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் எவ்வளவு தூரம் மாறுபடலாம் என்று வரம்பு கட்டும் விதிகளையே நினைவக ஒழுங்கு என்கிறோம். எல்லாக் கோர்களும் ஒரே வரிசையை ஒப்புக்கொள்ளும் எளிய உலகை 1979இல் லெஸ்லி லாம்போர்ட் இலக்கணமாகவே எழுதிவைத்தார். இன்று நாம் வாங்கும் எந்தச் செயலியும் அந்த இலக்கணத்துக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. இந்த நிலத்தின் மேல்தான் லினக்ஸ் கெர்னல் நிற்கிறது. கெர்னல் என்பது வன்பொருளை நேரடியாக ஆளும், இயங்குதளத்தின் நடுப்பகுதி. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஒரு லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்தக் குழப்பம்? வேகத்துக்காக. 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். அந்த ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பார்ப்போம். கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேச் என்ற சிறு நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுக்க நான்கைந்து விநாடி ஆகும். முதன்மை நினைவகம் வரை போய்வர ஐந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எந்த வேலையும் ஓடாது.

எழுதுவது இன்னும் சிக்கல். கேச் பெரும்பாலும் 64 பைட் கொண்ட துண்டுகளாக இயங்குகிறது. ஒரு துண்டில் ஒரு கோர் எழுத வேண்டுமென்றால் அது அந்தக் கோரின் தனியுடைமை ஆக வேண்டும். மற்றக் கோர்களிடம் அதே துண்டின் நகல் இருந்தால் ‘அதைக் கைவிடுங்கள்’ என்று செய்தி அனுப்பி, பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். செயலி பொறுப்பதில்லை. எழுத வேண்டியதை ஸ்டோர் பஃபர் என்ற காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் செயலியின் ஒவ்வொரு கோரிலும் இந்த வரிசைக்கு 56 இடங்கள் உண்டு. நம் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டு கோர்களும் எழுதிய 1கள் அவரவர் வரிசையில் காத்துக்கிடக்கின்றன. அதற்குள் இரண்டும் படித்து முடித்துவிட்டன.

இதில் ரசிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது கோர் முதலில் தன் காத்திருப்பு வரிசையைத் துழாவிப் பார்க்கிறது. அதனால் தனியாக ஓடும் நிரலுக்கு எல்லாமே எழுதிய வரிசையில் ஒழுங்காக நடந்ததாகத் தெரியும். அடுத்த கோர் எட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வரிசை உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை நினைவகத் தடுப்பு எனலாம். ‘எனக்கு முன்னால் எழுதியவை எல்லாருக்கும் தெரியும்படி போய்ச் சேரட்டும், அதுவரை எனக்குப் பின்னால் இருப்பவை படிக்கத் தொடங்கக் கூடாது’ என்பதே அதன் ஆணை. புதிரில் இரண்டு பக்கமும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவே ஒரு தடுப்பைப் போட்டால் இரட்டை 0 மறைந்துவிடும். ஆனால் தடுப்பு ஒவ்வொன்றும் பல பத்துத் துடிப்புகளை விழுங்கும். விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை நடக்கும் பாதைகளில் கண்ட இடத்தில் அதைத் தூவ முடியாது.

செயலிகளுக்குள்ளும் குணபேதம் உண்டு. இன்டெல், ஏஎம்டி குடும்பம் ஓரளவு கட்டுப்பாடானது. எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே வெளியே விடும். படிப்பவற்றையும் வரிசை மாறியதாகக் காட்டாது. நாம் பார்த்த அந்த ஒரு தளர்வைத்தான் அனுமதிக்கிறது. போன்களில் இருக்கும் ஆர்ம் செயலி அப்படியல்ல. இரண்டு எழுத்துகள் இடம் மாறலாம், இரண்டு படிப்புகள் இடம் மாறலாம். இன்டெல் கணினியில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல், ஆர்முக்கு வந்த முதல் வாரத்திலேயே சரிந்து விழுவதற்கு இது போதும். 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளை ஆர்ம் வகையைச் சேர்ந்த எம்1 சில்லுக்கு மாற்றியபோது, பழைய இன்டெல் நிரல்களையும் ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தடுப்பு சேர்த்தால் ஆமை வேகம்தான் மிஞ்சும். அவர்கள் சில்லுக்குள்ளேயே ஒரு சுவிட்சை வைத்தார்கள். அதைப் போட்டால் கோர் இன்டெல்லின் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும். எடுத்தால் ஆர்மின் தளர்வுக்குத் திரும்பிவிடும்.

செயலியை அடக்கினால் மட்டும் போதாது. நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரும் வரிகளை இடம் மாற்றும். ‘இந்தக் கொடி 1 ஆகும்வரை சுற்றிக்கொண்டிரு’ என்று எழுதினால், கொடியை இந்தச் சுற்றுக்குள் யாரும் மாற்றவில்லையே என்று கணக்குப் போட்டு, ஒரே ஒரு முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும்படி செய்துவிடலாம். மொழியின் விதிப்படி அது குற்றமும் ஆகாது. அதனால் கெர்னல் நிரலாளர்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களைத் தொடும் வரிகளுக்கெல்லாம் தனி உறை போட்டு, ‘இதை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே’ என்று கம்பைலருக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, பூட்டு போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே? உண்மைதான். ஒரு பட்டியலைத் தொடும் முன் பூட்டு, தொட்ட பின் திற. பூட்டுக்குள்ளேயே தடுப்புகள் அடங்கியிருக்கும். ஆனால் பூட்டு என்பதும் நினைவகத்தில் இருக்கும் ஓர் எண்தான். பூட்டுவதென்றால் அதில் எழுதுவது. படிப்பவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று தாராளமாக அமைத்த பூட்டிலும்கூட, உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை வருகிறவர் ஒவ்வொருவரும் கூட்டி எழுத வேண்டும். 64 கோர்கள் ஒரே பட்டியலைப் படிக்க வந்தால், அந்த எண்ணிக்கை இருக்கும் 64 பைட் துண்டு 64 பேருக்கும் நடுவே பந்தாடப்படும். பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. படிக்க வந்தவர்கள் எழுதியே ஆகவேண்டும் என்ற ஒரு கட்டாயத்தால்தான் இவ்வளவு நெரிசலும். கோர்களைக் கூட்டக் கூட்டக் கணினியின் வேகம் குறையும் நிலை.

கெர்னலில் இருக்கும் பல பட்டியல்களின் இயல்பை நினைத்துப் பாருங்கள். எந்தக் கோப்புறைக்குள் என்ன இருக்கிறது, எந்த முகவரிக்குப் போகும் தரவை எந்த வழியில் அனுப்புவது. இவையெல்லாம் லட்சம் முறை படித்தால் ஒரு முறை மாறும் வகை. ஆகவே படிப்பவரிடம் கட்டணமே வாங்கக் கூடாது, மொத்தச் செலவும் மாற்றுகிறவர் தலையில் விழட்டும் என்று சிலர் எண்ணினார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருந்த சீக்வென்ட் என்ற நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் இதற்கு ஒரு வழி கண்டு 1993இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ‘படி, நகலெடு, புதுப்பி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஆர்சியூ என்கிறார்கள். 2002 அக்டோபரில் 2.5.43 என்ற பதிப்போடு அது லினக்ஸுக்குள் வந்தது. கணினியியலில் இதைவிட அழகான யோசனைகள் மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

நெருங்கிப் பார்ப்போம். சங்கிலியாகக் கோர்த்த மூன்று கணுக்கள். ஒவ்வொரு கணுவிலும் கொஞ்சம் தகவலும், அடுத்த கணு எங்கே என்று காட்டும் சுட்டியும் இருக்கின்றன. சுட்டி என்பது நினைவக முகவரி மட்டுமே. இப்போது நடுக் கணுவை மாற்ற வேண்டும். அதை இருந்த இடத்திலேயே திருத்தினால், பாதி திருத்திய நிலையில் யாராவது படித்துவிடுவார்கள். எனவே தனியே ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தி, அதன் சுட்டியைக் கடைக் கணுவுக்குத் திருப்பி வைத்துக்கொள்கிறோம். இதுவரை வெளியே யாருக்கும் இப்படி ஒரு கணு இருப்பதே தெரியாது. கடைசியாக முதல் கணுவின் சுட்டியை மட்டும் புதிய கணுவை நோக்கித் திருப்புகிறோம். அது எட்டு பைட் கொண்ட ஒரே எழுத்து. அது பாதியாக நிகழாது. படிப்பவர் கண்ணில் ஒன்று பழையது முழுதாகப் படும், இல்லையென்றால் புதியது முழுதாகப் படும்.

இங்கேதான் நினைவக ஒழுங்கு மறுபடி தலைகாட்டுகிறது. ஆர்ம் செயலியில், நகலில் எழுதிய தகவலுக்கு முன்னாலேயே சுட்டியின் மாற்றம் மற்றக் கோர்களுக்குத் தெரிந்துவிடலாம். அப்படித் தெரிந்தால் படிப்பவர் புதிய கணுவுக்குப் போய்ப் பார்க்கும்போது அங்கே பழைய குப்பைதான் இருக்கும். அதனால் சுட்டியைத் திருப்பும் அந்த ஓர் எழுத்தை மட்டும் ரிலீஸ் என்ற சிறப்பு வகையில் எழுதுகிறார்கள். ‘நான் தெரியும் முன், எனக்கு முன் எழுதியதெல்லாம் தெரிய வேண்டும்’ என்பது அதன் நிபந்தனை. முழுத் தடுப்பைவிட இது எளிது, செலவும் குறைவு. 64 பிட் ஆர்ம் செயலியில் இதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது.

படிப்பவர் பக்கம்? அவரும் முதலில் சுட்டியைப் படிக்கிறார், பிறகு அது காட்டும் இடத்தைப் படிக்கிறார். இந்த இரண்டும் இடம் மாறினால் ஆபத்து. ஆனால் எப்படி மாறும்? முகவரியே கையில் இல்லாமல் அங்கிருப்பதை எப்படிப் படிப்பது? இந்த இயற்கையான சார்பையே காவலாக வைத்துக்கொள்கிறது ஆர்சியூ. தடுப்பு வேண்டாம், சிறப்புக் கட்டளை வேண்டாம். வரிசை இலவசமாகக் கிடைக்கிறது.

இந்த நியாயத்தையும் மீறிய செயலி ஒன்று இருந்தது. 1992இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆல்பா. அதன் சில இயந்திரங்களில் கேச் இரு பாதியாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதி ஓய்வாக இருந்து சுட்டியின் புதிய மதிப்பைத் தந்துவிடும். மறு பாதி வேலை நெருக்கடியில், ‘உன் நகல் செல்லாது’ என்று வந்த செய்தியை இன்னும் பார்த்திருக்காது. புதிய முகவரிக்குப் போய்ப் பழைய தகவலைப் படிக்க நேரும். அந்த ஒரு செயலிக்காக லினக்ஸின் பொது நிரலில் தனியே ஒரு தடுப்பைக் காப்பாற்றி வந்தார்கள். மற்றச் செயலிகளில் அது வெறுமையாகிவிடும். 2020இல் வந்த 5.9ஆம் பதிப்பில்தான் அதைப் பொது நிரலிலிருந்து நீக்கி, ஆல்பாவுக்கென்று இருக்கும் பகுதிக்குள் ஒதுக்கினார்கள்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். பழைய நடுக் கணுவை என்ன செய்வது? சங்கிலியிலிருந்து கழற்றியாகிவிட்டது, புதிதாக யாரும் அங்கே வரப்போவதில்லை. ஆனால் கழற்றுவதற்கு முன்பே வந்தவர் ஒருவர் அதன் மேல் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். உடனே அந்த நினைவகத்தை விடுவித்து வேறு வேலைக்குக் கொடுத்தால், அவர் காலடியில் மண் சரிந்துவிடும். அவர் போய்விட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வந்ததையும் போனதையும் அவர் எங்கும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்பதுதானே நம் ஒப்பந்தம்!

விடை என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. படிப்பவருக்கு ஒரே ஒரு விதி. படித்து முடிக்கும்வரை கோரை விட்டு இறங்கக் கூடாது. தூங்கக் கூடாது, அந்தக் கோரில் வேறு பணிக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒரு கோர் ஒரு பணியை விட்டு இன்னொரு பணிக்கு மாறியதென்றால், அதற்கு முன் அங்கே படித்துக்கொண்டிருந்தவர் முடித்துவிட்டார் என்பது உறுதி. கணுவைக் கழற்றிய பிறகு எல்லாக் கோர்களும் குறைந்தது ஒரு முறை பணி மாறிவிட்டால், பழைய கணுவின் மேல் யாரும் இல்லை. இந்தக் காத்திருப்புக்கு அவகாசம் என்று பெயர் வைக்கலாம். பணி மாறுவது கெர்னல் எப்படியும் செய்துகொண்டிருக்கும் வேலை. அதை ஓரமாக நின்று கவனித்தாலே போதும்.

விளைவு என்ன தெரியுமா? பணிகளை நடுவில் இடைமறிக்காத வகையில் அமைத்த கெர்னலில், ‘படிக்கத் தொடங்குகிறேன்’, ‘படித்து முடித்தேன்’ என்று நிரலில் எழுதும் இரண்டு வரிகளும் இயந்திரக் கட்டளையாக மாறும்போது ஒன்றுமே ஆவதில்லை. குறைந்த செலவு என்று சொல்லவில்லை. செலவு பூஜ்யம். கம்பைலர் வரிகளைத் தாண்டி நகர்த்தாதபடி ஒரு குறிப்பு மட்டும் அங்கே நிற்கிறது. படிப்பவரையும் நடுவில் இடைமறிக்கும் வகைக் கெர்னலில் அந்த ஒரு விதி மட்டும் போதாது; அங்கும் பணி தன் சொந்த எண்ணிக்கையைத்தான் கூட்டிக் கழிக்கிறது. யாரோடும் பகிர்ந்துகொள்ளாத இடம் என்பதால் பந்தாட்டம் இல்லை.

மாற்றுகிறவருக்கோ நீண்ட காத்திருப்பு. ஓர் அவகாசம் முடியச் சில மில்லிவிநாடிகளும் ஆகலாம், பல பத்து மில்லிவிநாடிகளும் ஆகலாம். துடிப்பை விநாடியாக்கிய நம் கணக்கில் 10 மில்லிவிநாடி என்பது ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு. அதனால் மாற்றுகிறவர் பெரும்பாலும் நின்று காத்திருப்பதில்லை. ‘அவகாசம் முடிந்ததும் இந்த நினைவகத்தை விடுவித்துவிடு’ என்று ஒரு வேண்டுகோளை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுகிறார். அந்த இடைவெளியில் சிலர் பழைய தகவலைப் படித்திருப்பார்கள். பாதகமில்லை. எங்கோ தொலைவில் ஒரு கேபிள் அறுந்த செய்தி நம் கணினியின் வழிப்பட்டியலுக்கு வந்து சேரவே அதைவிட நேரம் ஆகியிருக்கும்.

இதன் பலனை எல்லோரும் தினமும் அனுபவிக்கிறோம். ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் அதன் பாதையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போகிறது. எல்லாப் பாதைகளும் தொடங்குவது ஒரே மூலக் கோப்புறையில். முன்பெல்லாம் போகும் வழியில் ஒவ்வொரு கோப்புறையிலும் பூட்டையும் எண்ணிக்கையையும் தொட வேண்டும். 2011இல் வந்த 2.6.38ஆம் பதிப்பில் நிக் பிகின் என்ற நிரலாளர், வழியில் எதையும் எழுதாமல் ஆர்சியூவின் துணையோடு நடக்கும் முறையைக் கொண்டுவந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது ஒரு கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால்? அதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. பெயரை மாற்றுகிறவர் தொடங்கும்போது ஒன்று கூட்டுவார், முடிக்கும்போது இன்னொன்று கூட்டுவார். ஒற்றைப்படை எண் என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நடப்பவர் முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தால் படித்தது சரி. இல்லையென்றால் படித்ததைத் தூக்கியெறிந்துவிட்டு, தேவைப்பட்டால் பழைய பூட்டு முறைக்கே திரும்புவார்.

எல்லாக் கோர்களும் பணி மாறியதை யார் குறித்துவைப்பது? தொடக்கத்தில் கோர்கள் அனைத்தும் ஒரே பொதுப் பூட்டைப் பிடித்துத் தகவல் சொல்லின. நூற்றுக்கணக்கான கோர்கள் கொண்ட இயந்திரங்கள் வந்தபோது அந்தப் பூட்டே நெரிசலாயிற்று. 2008இல் மெக்கென்னி அதை ஒரு மரமாக மாற்றி எழுதினார். வழக்கமான அமைப்பில் 16 கோர்கள் ஓர் இலைக்குத் தகவல் சொல்லும். அவற்றில் கடைசியாக வந்தவர் மட்டும் மேலே ஏறிப்போய்ச் சொல்வார். 64 பிட் கணினியில் ஒரு கிளை 64 இலைகளைத் தாங்கும். ஆக, இரண்டே அடுக்கில் 1,024 கோர்கள் அடங்கிவிடும். தூங்கும் கோர்களுக்கும் வழி இருக்கிறது. வேலையில்லாத கோரைத் தட்டி எழுப்பி ‘நீ படிக்கிறாயா?’ என்று கேட்டால் போனின் மின்கலம் தீர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு கோரும் ஓய்வுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தன் கணக்கில் ஒரு குறி வைக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் கடந்துபோகிறது ஆர்சியூ.

இவ்வளவு தளர்வான நிலத்தில் இது சரிதான் என்று எப்படி நம்புவது? சோதனை ஓட்டம் போதாது. கோடி முறையில் ஒரு முறை வரும் பிழை அதில் சிக்காது. ஜேட் அல்கிளேவ், லுக் மராஞ்ஜே, ஆலன் ஸ்டெர்ன், ஆண்ட்ரியா பாரி, மெக்கென்னி ஆகியோர் லினக்ஸின் நினைவக விதிகளைக் கணித வடிவில் எழுதினார்கள். 2018இல் 4.17ஆம் பதிப்போடு அது கெர்னலின் பகுதியே ஆகிவிட்டது. ஒரு சிறு நிரலைக் கொடுத்தால், விதிகள் அனுமதிக்கும் எல்லா ஓட்டங்களையும் கருவி வரிசையாக ஆராய்ந்து, கேட்ட விளைவு வரக்கூடுமா, ஒருபோதும் வராதா என்று சொல்லிவிடும். அவகாசத்துக்கான விதியும் அதில் உண்டு.

படிப்பவர் விதியை மீறினால்? ஒருவர் கோரை விட்டு இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அவகாசம் முடியாது. விடுவிக்க வேண்டிய நினைவகம் மலைபோல் குவியும். ஆர்சியூ பொறுத்துப் பார்க்கிறது. வழக்கமான அமைப்பில் அதன் பொறுமை 21 விநாடி. துடிப்புக் கணக்கில் அது ஏறத்தாழ 2,000 ஆண்டு. அதன் பிறகு கெர்னல் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதுகிறது. எந்தக் கோர் சிக்கிக்கொண்டது, எவ்வளவு நேரமாக, அந்த நொடியில் அது எந்தச் செயற்கூறுக்குள் இருந்தது, அங்கே வந்து சேர்ந்த பாதை எது என்ற விவரமெல்லாம் அந்த எச்சரிக்கையில் இருக்கும்.